ஒத்தக் குலவை

ஒரு லிட்டர் தண்ணீரைக் குடித்துவிட்டு அடக்கிக்கொண்டு உட்காரச் சொன்னதே செண்பகவல்லிக்குச் சந்தேகமாக இருந்தது. அடக்க முடியவில்லை என்றுதானே ஆஸ்பத்திரிக்கே வந்திருக்கிறாள், அவளைப் பார்த்து அடக்கு என்றால் என்ன அர்த்தம். நர்சுப் பிள்ளை அதை எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டது, வெறும் வயிற்றோடு வாங்க என்கிற மாதிரி. ஒன்பதரைக்குக் குடித்து முடித்தாள். இப்போது பத்தேகால். கையில் டோக்கன் முப்பத்தொன்று, கதவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் இருபத்திரண்டு, அந்த இருபத்திரண்டும் கால் மணி நேரமாக நகரவில்லை. உள்ளே போனவள் குடும்பக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாள், இல்லையென்றால் டாக்டரம்மா பின்வாசல் வழியாகக் காபி குடிக்கப் போயிருப்பாள், பெரிய ஆஸ்பத்திரிகளில் எல்லா ரூமுக்கும் ஒரு பின்வாசல் உண்டு என்று அவளுக்கு ஒரு எண்ணம். பெஞ்சு இரும்புப் பெஞ்சு, ஓட்டை ஓட்டையாக. ஓட்டை எதுக்கு, காற்றுப் போகவா, வேறெதுவும் போகவா, இங்கே வருகிறவளைப் பற்றித் தெரிந்தேதான் வாங்கிப் போட்டிருக்கிறார்களா. தொடைகளை ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டாள். மடியில் பை. பைக்குள் ஒரு கருநீலச் சேலை, ஒரு பாவாடை, ஈரத்தைச் சுருட்டிப் போட ஒரு கேரிபேக். அஞ்சு வருஷமாக இந்த மாற்றுச் சேலை இல்லாமல் அவள் வாசப்படி தாண்டியதில்லை. அவள் சமைக்கிற பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்திலும் அரிசி மூட்டைக்குப் பின்னால் இன்னொன்று ஒளித்து வைத்திருக்கிறாள். கட்டியிருப்பதும் அடர் நிறம்தான், மிளகுக் கலரில் பொடிப்பூப் போட்டது, எது பட்டாலும் தெரியாது. வெளிர் நிறத்தை எல்லாம் மகள் சுபிதாவுக்குத் தூக்கிக் கொடுத்தாயிற்று, எனக்கு எதுக்குட்டி, வயசாச்சு என்று சொல்லி. ஐம்பத்திரண்டு என்ன பெரிய வயசு. நம்பிவிட்டாள் அவள். நம்பினாளா, நம்பின மாதிரி இருந்தாளா, அதுவும் தெரியவில்லை.

இந்த மாடியில் மூன்று டாக்டர்கள். எலும்புக்கு ஒருத்தர், தோலுக்கு ஒருத்தர், பொம்பளைகளின் மூத்திரக் கோளாறுக்கு டாக்டர் எப்சிபா. மூன்று பேருக்கும் ஒரே பெஞ்சு வரிசை. முதலில் அது நல்லதாகப் பட்டது, யார் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது, முழங்கால் வலி என்று சொல்லிக்கொள்ளலாம். அப்புறம் யோசித்தால் வேறு மாதிரி வந்தது. ஒரே வரிசை என்றால் எலும்புக்கு வந்தவனும் பார்ப்பான், தோலுக்கு வந்தவனும் பார்ப்பான், எந்தக் கதவுக்குள்ளே போகிறாய் என்று கடைசியில் எல்லாரும்தானே பார்ப்பார்கள். பக்கத்தில் ஒரு கிழவர் முழங்கையைத் தடவிக்கொண்டு இருந்தார். ஒரு தரம் மூக்கை உறிஞ்சினார். சளியா, இல்லை, வாடை அடிக்கிறதா. அவள் மெள்ள இந்தப் பக்கம் நகர்ந்தாள். காலையில் இரண்டு தடவை குளித்தாள், பவுடர் போட்டாள், பஞ்சுப் பட்டை வைத்திருக்கிறாள், ஒன்றும் அடிக்காது, ஆனாலும் அவளுக்கு அடித்தது, அவள் மூக்குக்கு மட்டும் எப்போதும் அடிக்கும். வீட்டுக்காரர் சண்முகையாவுக்கு அடித்ததே இல்லையாம். இருபத்தெட்டு வருஷம் ஒரே கட்டிலில் படுத்த மனுஷனுக்கு அடிக்காதா. சொல்லாமல் இருக்கிறார். சொல்லாமல் இருக்கிறவரை எப்படி நம்புவது. அவரிடம் கர்ப்பப்பை செக்கப் என்றுதான் சொல்லியிருக்கிறாள், அவரும் ஏன் எதுக்கு என்று கேட்காமல் கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏற்றிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கேட்காததுதான் உறுத்துகிறது. உப்பு ஒரு கல் குறைந்தால் நாலு கேள்வி கேட்கிறவர். இப்போது கீழே டீக்கடையில் நிற்கிறேன் என்றார். டீக்கடையில்தான் நிற்கிறாரா.

கையில் நாலாய் மடித்த காகிதம். போன தடவை டாக்டரம்மா கொடுத்தது. மூன்று மாசம் அந்த இறுக்குகிற பயிற்சி, அடுப்பு முன்னால் நின்று சாம்பார் கொதிக்கக் கொதிக்க பத்து எண்ணி இறுக்கி பத்து எண்ணி விட்டு, யாருக்கும் தெரியாமல் செய்தாள், தும்மலுக்குக் கொஞ்சம் கேட்டது, சோற்றுக் குண்டானை இறக்கும்போது கேட்கவில்லை. அதற்கு மேல் ஆபரேஷன்தான் என்று டாக்டரம்மா சொன்னாள், சொல்லிவிட்டு இந்தக் காகிதத்தை நீட்டி, நாலு வழி இருக்கு, வீட்டுக்குப் போய் யோசிச்சு நீங்களே ஒண்ணைச் சொல்லுங்கம்மா என்றாள். அன்றைக்கு விழுந்த சந்தேகம் இன்றைக்கும் எழுந்திருக்கவில்லை. நீங்களே சொல்லுங்க என்றால் என்ன. அவளிடம் இதுவரைக்கும் யாரும் எதையும் கேட்டதில்லை. கல்யாணத்துக்குக் கேட்கவில்லை, சுபிதா நாலு கிலோ எடையில் மாட்டிக்கொண்டபோது ஆயுதம் போட்டு எடுத்தார்களே, அதற்கும் கேட்கவில்லை, கிழித்தார்கள், தைத்தார்கள், போ என்றார்கள், அங்கே ஆரம்பித்ததுதான் இந்த வினை. இப்போது ஒருத்தி மரியாதையாகக் கேட்கிறாள் என்றால் பின்னால் ஏதோ இருக்கிறது. நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால், நீங்கதானே சொன்னீங்க என்று கையைக் கழுவலாம். எது செய்தாலும் கிட்டத்தட்ட பத்துக்கு எட்டுப் பேர் நல்லா ஆயிடுறாங்க என்றும் சொன்னாள், நாலாவது வழியான ஊசி ஒன்றைத் தவிர. மீதி ரெண்டு பேர் யார் என்று செண்பகவல்லி கேட்கவில்லை. அந்த ரெண்டு பேரில் தான் ஒருத்தி என்பதில் மட்டும் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

காகிதத்தைப் பிரித்தாள். முதல் கட்டத்தில் நாடா. ஏதோ பிளாஸ்டிக் நூலில் வலை மாதிரிப் பின்னிய ஒரு சின்ன நாடாவை உள்ளே விட்டு, மூத்திரக் குழாய்க்கு அடியில் தாங்கலாக வைத்துவிடுவது. அரை மணி நேரம், சின்னச் சின்னக் கீறல், மறுநாள் வீடு. எல்லாம் சுருக்க முடிகிறதே, அப்புறம் எதுக்கு மற்ற மூணு. அதையும் டாக்டரம்மா சொன்னாள், சில பேருக்கு அந்த வலை உள்ளே உராய்ந்து சதையைத் துளைத்துக்கொண்டு வெளியே தலை நீட்டும், வலி நிற்காது, எடுக்கலாம் என்றால் சதையோடு பின்னிக் கிடக்கும், முழுசாக வராது. சில நாடுகளில் நிறுத்தியே வைத்திருக்கிறார்கள் என்று போனில் வேறு பார்த்தாள், வெள்ளைக்காரப் பொம்பளைகள் அட்டையைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டு வாசலில் நிற்கிற படம். அதைப் பார்த்த மறுநாளிலிருந்து போனைத் திறந்தால் பெரியவர்களுக்கான டயப்பர் விளம்பரம் வருகிறது. போன் யாரிடமோ சொல்லியிருக்கிறது. அதையும் அன்றோடு நிறுத்தினாள். இரண்டாவது, சொந்தச் சதை. அடிவயிற்றைக் குறுக்கே கீறி, அங்கே உள்ள தடித்த சவ்விலிருந்து ஒரு பட்டையை அறுத்து அதையே தொட்டில் மாதிரி அடியில் கட்டுவது. வெளிச்சரக்கு இல்லை. ஆனால் நாலு நாள் படுக்கை, சில பேருக்கு அதற்கப்புறம் மூத்திரம் போகவே கஷ்டப்படும், கொஞ்ச நாள் டியூப் வைக்க வேண்டி வரும், மூன்று மாசம் குண்டான் தூக்கக் கூடாது. மூன்றாவது, தையல் போட்டு மூத்திரப் பையின் கழுத்தை மேலே தூக்கிக் கட்டுவது, ஆனால் முன்பக்கம் தூக்கிக் கட்டினால் சில வருஷத்தில் பின்பக்கம் இறங்க வாய்ப்பு உண்டாம், பந்தலில் ஒரு மூலையை இழுத்துக் கட்டினால் மறு மூலை தொங்குகிற கதை. நாலாவது ஊசி, குழாயைச் சுற்றி ஏதோ மருந்தைப் போட்டுப் புடைக்க வைப்பது, அறுக்க வேண்டாம், படுக்க வேண்டாம், கொஞ்ச காலத்தில் கரைந்துவிடும், மறுபடி போடணும். சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுகிற வேலை. அவள் சத்துணவுக் கூடத்தில் வருகிற முட்டை ஒவ்வொன்றையும் தண்ணீர் வாளியில் போட்டுப் பார்ப்பவள், மிதந்தால் தூக்கி எறிவாள், அமைப்பாளர் என்ன சொன்னாலும் கேட்க மாட்டாள். பதினாறு வருஷத்தில் ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்ததில்லை. இந்த நாலையும் எந்த வாளியில் போட்டுப் பார்ப்பது.

இருபத்தஞ்சு ஆனபோதுதான் அவளைப் பார்த்தாள். படியேறி, கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக ஏறி வந்துகொண்டிருந்தது முப்பிடாதி. சண்முகையாவின் அக்கா, செண்பகவல்லிக்கு மதினி. மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத மதினி. செண்பகவல்லிக்கு நெஞ்சு திக்கென்றது, திக்கென்றதில் கீழே ஒரு சொட்டு நழுவியது, முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுச் சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் வாரப் போஸ்டரைப் பார்த்துக்கொண்டு திரும்பினாள். ஏன் வந்தாள் இவள். திருநெல்வேலியில் ஆயிரம் ஆஸ்பத்திரி இருக்கிறது. முழங்கால் வலி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறவள்தான், எலும்பு டாக்டரிடம் வந்திருக்கலாம், ஆனால் இன்றைக்கா, இந்த நேரத்துக்கா. தம்பி சொல்லியிருப்பார். அதனால்தான் கேள்வி கேட்காமல் கூட்டி வந்தார், அதனால்தான் கீழே டீக்கடை. தை பிறக்க நாலு மாசம் இருக்கிறது, சுபிதாவுக்குக் கல்யாணம், அக்காவைப் போய்க் கூப்பிடு, அக்காவைப் போய்க் கூப்பிடு என்று தினமும் அரித்தெடுத்தார், நான் போக மாட்டேன் என்றாள், இப்போது அக்காவை இங்கேயே வரவழைத்துவிட்டார். ஓரக்கண்ணால் பார்த்தாள். முப்பிடாதி வரிசையின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்து, உட்கார்ந்ததும் கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். முழங்கால் வலிக்காரி கால்மேல் கால் போடுவாளா. மகாராணி மாதிரி அல்லவா உட்கார்ந்திருக்கிறாள். கட்டியிருந்தது அடர் மெரூன், அதுவும் அதிசயம், மஞ்சளும் சந்தனமும் ரோஜாவும் தவிர வேறு கட்டாதவள், ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கவென்றே கட்டி வந்திருக்கிறாள். வேவு பார்க்க வருகிறவள் பளபளவென்றா வருவாள்.

வாய் வலிக்கோ. அதுதான் முப்பிடாதி அவளிடம் கேட்டது, நாலு வருஷம் முந்தி, தன் மகன் ராஜபாண்டி கல்யாணத்தில், மண்டபம் நிறைய ஆளுக்கு முன்னால். செண்பகவல்லி குலவை போட்டால் மூன்று தெருவுக்குக் கேட்கும். சும்மா நாக்கை ஆட்டுகிற குலவை கிடையாது, அடிவயிற்றிலிருந்து எழும்பி வரும், அம்மன் கொடையில் அவள் தொடங்கினால்தான் மற்றவளுக்கு வாய் வரும். அவர்கள் குடும்பத்தில் தாலி ஏறும்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் பொண்டாட்டி தொடங்கணும், ஒருத்தி தொடங்கிவிட்டால் காதில் விழுந்தவள் யாராக இருந்தாலும் உடனே எடுத்துக் கொடுக்கணும், ஒத்தக் குலவை ஆகாது, தனியாகக் கேட்டால் கெட்டது என்று சின்னப் பிள்ளையிலேயே காதில் போட்டு வளர்த்திருந்தார்கள். அன்றைக்கு அவள் சந்தன நிறப் பட்டு கட்டியிருந்தாள். அதற்கு ஒரு மாசம் முந்தித்தான் கொடையில் குலவை எடுத்தபோது காலோடு வழிந்தது, முளைப்பாரிக் கூட்டத்தோடு கூட்டமாக நடந்து தண்ணீர்க் குழாயடியில் போய் வேண்டுமென்றே நனைந்து மறைத்தாள். தாலி ஏறியது. அவள் வாயைத் திறந்தாள், அடிவயிறு எழும்பியது, கீழே கதகதவென்றது, வாயை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான். மேளக்காரன் அடிக்கிறான், எல்லாரும் அவளைப் பார்க்கிறார்கள், குலவை இல்லை. கடைசியில் யாரோ தொடங்கி அது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போயிற்று. முறைப்பெண் சுபிதா வீட்டிலிருக்க வெளியில் பெண் எடுத்தார்கள், அந்தக் காந்தலில் வாழ்த்த மனசில்லாமல் நின்றாள் என்று முப்பிடாதி எடுத்துக்கொண்டாள். அவள் எடுத்துக்கொண்டதை ஊரும் எடுத்துக்கொண்டது. சத்தியமாக அந்தக் காந்தல் அவளுக்கு இருந்ததில்லை. இருந்ததோ என்னவோ, ஒரு கடுகளவு. ஆனால் குலவை நின்றது அதனால் அல்ல. எதனால் என்று எப்படிச் சொல்ல. மதினி, எனக்கு ஒழுகுது, அதான் உம்ம மகனை வாழ்த்தலை, என்று சொல்லவா. வயிற்றெரிச்சல்காரி என்ற பேர் அதைவிட மேல் என்று அன்றைக்குப் பட்டது, அந்தப் பேரையே வைத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷம் இவர்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது முப்பிடாதி வந்தாள். வந்தாள், நின்றாள், பால் பொங்கியது, கட்டினவனின் கூடப்பிறந்தவள் தொடங்க வேண்டிய குலவை, அவள் கல்லு மாதிரி நின்றாள். பழிக்குப் பழி. நாத்தனார் குலவை போடாத வீடு என்று அதற்கும் பேராயிற்று. அன்றோடு பேச்சு நின்றது. இப்போது சுபிதா கல்யாணத்துக்குப் பெண்ணின் அத்தை என்று முதலில் வாய் திறக்க வேண்டியவள் அந்தக் கோடியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவளேதான். அவள் திறக்க மாட்டாள். சரி, திறக்க வேண்டாம். தாய் நான் இருக்கிறேன், நான் போடுவேன், மூன்று தெருவுக்குப் போடுவேன், என் மகள் கழுத்தில் தாலி ஏறும்போது அந்த மண்டபம் ஊமையாக நிற்கக் கூடாது, அதுக்குத்தான் இந்தத் தண்ணீர், இந்தப் பெஞ்சு, இந்தக் காகிதம். டாக்டரம்மா தீபாவளிக்கு முன்னாலேயே படிப்புக்கென்று மூன்று மாசம் வெளிநாடு போகிறாளாம், இன்றைக்குத் தேதி குறித்தால் இந்த மாசத்தில் ஆபரேஷன், குறிக்காவிட்டால் கல்யாணத்துக்கு இல்லை. அதையும் ஒரு அவசரப்படுத்துகிற தந்திரமோ என்று அவள் நினைக்காமல் இல்லை. கடைசி நாள், கடைசி நாள் என்று ஜவுளிக் கடைக்காரன் கத்துவானே.

இருபத்தெட்டு. அடிவயிறு கல்லாகிவிட்டது. மூச்சைக்கூட மேலோடு விட்டாள். போன் அடித்தது, எடுத்தால் சண்முகையா, முடிஞ்சுதா என்றார், இல்லை என்றாள், யாரும் தெரிஞ்சவுக இருக்காகளா என்றார். அதென்ன கேள்வி. யாரும் இல்லை என்று வைத்துவிட்டாள். அந்தக் கோடியில் முப்பிடாதிக்குத் தும்மல் வந்தது. தும்முகிற நேரத்தில் அவள் உடம்பு முழுக்கச் சுருங்கி, போட்ட காலை இன்னும் இறுக்கி, முகத்தை முந்தானையால் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. சிரிக்கிறாள். தன்னைப் பார்த்துவிட்டுத்தான் சிரிக்கிறாள், தும்மல் ஒரு சாக்கு. நர்சுப் பிள்ளை ஏதோ கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள், எழுந்திருக்கவில்லை, பெரிய மனுஷி, எழுந்தால் மரியாதை குறைந்துவிடும். செண்பகவல்லி போஸ்டரையே பார்த்தாள். நாடாவா சதையா, நாடாவா சதையா என்று மனசு செக்குமாடாகச் சுற்றியது. நாடா சுருக்கமான வேலை, யாருக்கும் தெரியாமல் மறுநாள் வீடு போகலாம், ஆனால் வெளியாள், ஆயுசுக்கும் உள்ளே உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும், அவள் அதையே நினைத்து நினைத்துச் சாவாள், ஒரு சின்ன வலி வந்தாலும் அதுவா அதுவா என்று. சொந்தச் சதை என்றால் கேட்டவுடனே ஒரு ஆறுதல், நம்முடையது நமக்கு எதிராகப் போகாது என்று. போகாதா. இத்தனை நாள் போனது எது. காட்டிக் கொடுத்தது நாடாவா, சதைதானே, அரைப்படி அரிசி தூக்கினாலும் ஊரறிய விட்டுக்கொடுத்ததே அது. இருந்தாலும் அதன் துரோகம் எப்படி என்று இவளுக்குத் தெரியும், எந்த நேரத்தில் கைவிடும், எதற்குக் கைவிடாது, அஞ்சு வருஷம் கூடவே இருந்து பார்த்திருக்கிறாள். தெரியாத நல்லவனோடு இருப்பதற்குத் தெரிந்த கெட்டவனோடு இருந்துவிடலாம். குண்டான் தூக்க மூன்று மாசத்துக்கு வேறு ஆள் போடச் சொல்லுவாள். அமைப்பாளர் முனகுவார், முனகட்டும்.

முப்பத்தொன்று எரிந்ததும் எழுந்தாள். எழுந்ததில் கொஞ்சம் போயிற்று, பஞ்சு வாங்கிக்கொண்டது, முந்தானையைத் தாழ்த்தி முகத்தை மறைத்து, முப்பிடாதி பக்கம் பார்க்காமல் கதவைத் தள்ளினாள். டாக்டர் எப்சிபா அவள் நினைத்த மாதிரி எந்தப் பின்வாசலும் இல்லாத சின்ன ரூமில் உட்கார்ந்திருந்தாள், டிபன்பாக்ஸ் ஓரமாகத் திறக்காமல் கிடந்தது. முடிவு பண்ணீட்டீங்களாம்மா என்று கேட்டாள். சொந்தச் சதை என்றாள் செண்பகவல்லி, சொல்லிவிட்டு, உங்க அம்மாவா இருந்தா எதைச் செய்வீங்க என்று ஒரு கேள்வி போட்டாள், இதுதான் அவளுடைய தண்ணீர் வாளி. டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். எங்கம்மாவுக்கு நான் நாடாதான் வச்சேன், அஞ்சு வருஷமாச்சு, நல்லாத்தான் இருக்காங்க, ஆனா நீங்க ராத்திரி பகல்னு அதையே நினைச்சு வேகுற ஆளு, உங்களுக்கு இது சரி என்றாள். செண்பகவல்லி அந்த முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். மிதக்கவில்லை. மூழ்கித்தான் கிடந்தது. கட்டின சேலையை அவிழ்த்து வைத்து, ஆஸ்பத்திரிப் பச்சைத் துணிக்கு மாறி மேசைமேல் படுத்தாள், இருமச் சொன்னார்கள், இருமினாள், ஒரு சொட்டு இல்லை. மறுபடி. இல்லை. எழுந்து நின்று காலை அகட்டி இருமினாள், தொண்டை எரிந்தது, கீழே வறண்டு கிடந்தது. பெஞ்சில் விட்ட சனியன் இங்கே விட மாட்டேன் என்றது. இறுக்கிப் பிடிக்காதீங்கம்மா, விடுங்க என்றாள் டாக்டரம்மா. விடத் தெரியவில்லை. அஞ்சு வருஷமாக இறுக்கி இறுக்கி, ஆள் முன்னால் விடுவது எப்படி என்பது உடம்புக்கே மறந்துவிட்டது. கண்ணால பார்க்காம நான் கத்தி எடுக்க மாட்டேம்மா, வேற பெரிய டெஸ்ட் எழுதுறேன், அது முடிஞ்சு நான் வெளிநாட்டிலிருந்து வந்தப்புறம் பார்க்கலாம் என்று டாக்டரம்மா கையுறையைக் கழற்றப் போனாள்.

தை போயிற்று. அவள் கண்ணுக்குள் மண்டபம் ஊமையாக நின்றது. செண்பகவல்லிக்கு அழுகை முட்டியது, அழுதாலாவது வரும் என்று பார்த்தால் அதுவும் வரவில்லை. டாக்டரம்மா ஒரு கை கையுறையோடு நின்று, எது செய்யும்போது உங்களுக்கு ரொம்பப் போகும் என்று கேட்டாள். இந்தக் கேள்வியை இதுவரைக்கும் யாரும் கேட்கவில்லை. குண்டான் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

“குலவை போட்டா” என்று வந்துவிட்டது.

“போடுங்க.”

“இங்கயா?”

“இங்கதான். கதவு சாத்தித்தான் இருக்கு.”

கதவு என்ன கதவு, ஒட்டுப்பலகைக் கதவு. வெளியே கிழவர் இருக்கிறார், நர்சு இருக்கிறது, அந்தக் கோடியில் அவள் இருக்கிறாள், நாளைக்கு ஊர் முழுக்கச் சொல்லுவாள், என் மகன் கல்யாணத்தில் வாய் திறக்காதவள் ஆஸ்பத்திரியில் போய்ப் பைத்தியக்காரி மாதிரிக் குலவை போட்டாள் என்று. சொல்லட்டும். செண்பகவல்லி காலை அகட்டி நின்றாள், கண்ணை மூடினாள், சுபிதா தலை குனிந்து நிற்கிறாள், மஞ்சள் கயிறு ஏறுகிறது, நாக்கு தானாகச் சுழன்றது, நாலு வருஷமாக அடைத்துக் கிடந்தது அடிவயிற்றிலிருந்து பீறிக்கொண்டு எழும்பி அந்தச் சின்ன ரூமின் கண்ணாடி டம்ளரை அதிர வைத்தது. கூடவே கால் வழியாகக் கொட்டியது, சுடச்சுட, தரையில் சளசளவென்று, அவள் நிறுத்தவில்லை, மூச்சு இருக்கிற வரைக்கும் போட்டாள். போதும்மா, பார்த்துட்டேன், போதும் என்றாள் டாக்டரம்மா. அவள் குரலில் சிரிப்பு இருந்ததா என்று செண்பகவல்லி பார்க்கவில்லை.

மூச்சு முடிந்த இடத்தில், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொரு குலவை எழும்பியது. எடுத்துக் கொடுக்கிற குலவை, யோசித்துப் போடுகிறது இல்லை, காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறந்துகொள்கிறது. அந்தக் குரல் யாருடையது என்று வருஷக்கணக்கில் பக்கத்தில் நின்று போட்டவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கணீரென்று ஏறியது, ஏறி, உச்சிக்குப் போகிற இடத்தில் படக்கென்று அறுந்தது. மூச்சு தீர்ந்து நிற்கிற குலவை மெள்ளத் தேய்ந்து நிற்கும். வாயைப் பொத்தினால்தான் இப்படி அறும். அடர் மெரூன். கால்மேல் கால். தும்மலுக்குச் சுருங்கின உடம்பு. பால் பொங்கும்போது கல்லு மாதிரி நின்ற நிலை. செண்பகவல்லி ஈரத்தில் நின்றபடியே அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே சத்தமே இல்லை, நகருகிற சத்தம்கூட இல்லை, எழுந்திருக்க முடியாமல் ஒருத்தி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

நர்சுப் பிள்ளை தரையைத் துடைக்கத் துணியோடு உள்ளே வந்து குனிந்தது. செண்பகவல்லி அதன் தோளைத் தொட்டு நிறுத்தினாள்.

“இது கிடக்கட்டும் தாயி. என் பையில ஒரு கருநீலச் சேலை இருக்கு, பாவாடையும் இருக்கு. கடைசிப் பெஞ்சுல எங்க மதினி உக்காந்திருக்காக, அவுக மடியில கொண்டுபோய் வையி.”